பஸ் ஓடட்டும், டிக்கெட் நிற்கட்டும்

(விழுப்புரத்தில் நடந்த பஸ் பிரயாணிகள் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

டிப்போவில் டியூட்டி முடித்துவிட்டு நேரே இங்கு வந்து, உட்காரலாமா நிற்கலாமா என்ற தயக்கத்தோடு பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் காக்கிச் சட்டைத் தோழர்களே!

முதற்கண் அந்தத் தோழர்கள் முன்னால் வந்து உட்கார வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நான் இன்று பேசப்போவதில் பாதி அவர்களுக்காகவும் பாதி அவர்களுக்கு விரோதமாகவும் இருக்கப்போகிறது. விரோதமான வார்த்தையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லுவதே மரியாதை.

பஸ் வேலைநிறுத்தத்தைக் குறித்து நம் நாட்டு மேடைகளில் இதுகாறும் இரண்டே வகைப் பிரசங்கங்கள்தாம் கேட்கக் கிடைத்திருக்கின்றன. சர்க்கார் பக்கத்து மேடையில் ஏறுகிறவர், தொழிலாளிகள் பொதுஜனங்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்களே என்று கண்ணீர் வடிக்கிறார். அதே பொதுஜனங்களுக்கு மற்ற நாட்களில் எத்தனை பஸ் விட்டீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் எத்தனை டிரிப்பைக் கட் செய்தீர்கள் என்று கேட்டால் அவர் வாய் திறப்பதில்லை. சங்கத்துப் பக்கத்து மேடையில் ஏறுகிறவர், உரிமைப் போராட்டம் என்றால் சிற்சில சங்கடங்களைப் பொதுமக்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று உபதேசம் செய்கிறார். பொறுத்துக்கொள்ளுகிறவள் யார், எத்தனை நாளைக்கு, எதை அடகு வைத்துப் பொறுத்துக்கொள்ளுகிறாள் என்று கேட்டால் அவரும் வாய் திறப்பதில்லை. ஒருவரையொருவர் இவ்வளவு பலமாக ஏசிக்கொள்ளும் இவ்விரு தரப்பாரும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பரம ஒற்றுமையோடு இருக்கிறார்கள்: பேச்சுவார்த்தை மேஜையைச் சுற்றிப் போடப்படும் நாற்காலிகளில் பிரயாணிக்கும் ஒன்று வேண்டும் என்ற யோசனை இருவருக்குமே உதிப்பதில்லை.

பிரயாணி, பிரயாணி என்கிறோமே, அந்த ஒரு பெயருக்குள் இரண்டு விதமான மனிதர்கள் அடங்கியிருக்கிறார்கள். ஒருவனுக்குப் பஸ் ஒரு சௌகரியம். அது வராவிட்டால் வாசலில் நிற்கும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவான். இல்லையேல் ரயிலுக்குப் போவான். அதுவும் இல்லையேல் ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் வரையில் பத்திரிகை வாசித்து, வேலைநிறுத்தம் நியாயமா அநியாயமா என்று திண்ணையில் உட்கார்ந்து தர்க்கம் செய்வான். மற்றவளுக்கு, வேண்டுமென்றேதான் பெண்பாலில் சொல்லுகிறேன், பஸ்ஸை விட்டால் கால்தான். செஞ்சி ரோட்டிலிருந்தும் கண்டாச்சிபுரம் ரோட்டிலிருந்தும் உள்ளே பிரிந்து போகும் கிராமங்களில், காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் வந்து திரும்பும் டவுன் பஸ்ஸைத் தவிர வேறு வாகனத்தை நம்ப முடியாத ஊர்கள் இன்றைக்கும் இருக்கின்றன; அந்தப் பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் அங்கே அடுப்பு மூட்டுகிறார்கள், மாடு கறக்கிறார்கள், வயசுக்கு வந்த பெண்ணை ஹைஸ்கூலுக்கு அனுப்பலாமா கூடாதா என்றுகூட முடிவு செய்கிறார்கள்.

2018 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஒரு காலை வேளையில் கூட்டுரோட்டில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். சித்தாள் வேலைக்கு டவுனுக்கு வரும் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் தூக்குச்சட்டி, தோளில் சும்மாட்டுத் துணி. ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டிரைவர் வாயால் ஒன்றும் சொல்லாமல் ஐந்து விரலை விரித்துக் காட்டினார். ஆளுக்கு ஐம்பது என்று அர்த்தம். அந்தப் பெண்களில் ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருந்ததை எண்ணி, போக ஐம்பது வர ஐம்பது என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டு, எட்டு மணி தாண்டிப் போனால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டிருப்பான் என்பதையும் யோசித்தாள் போலும். முடிச்சைத் திரும்பவும் முடிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே நடக்கலானாள். சர்க்காரையும் அவள் ஏசவில்லை, சங்கத்தையும் ஏசவில்லை. அன்று சாயங்காலம் டெலிவிஷனில் விவாதம் செய்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரிலும் அவளைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அதே இடத்தில் சிறிது நேரம் கழித்து ஒரு பெரியவரும் அவருடைய சம்சாரமும் வந்தார்கள். அம்மாள் கையிலிருந்த மஞ்சப்பையில் ஆஸ்பத்திரி நோட்டு. டயாலிசிஸ் என்ற சிகிச்சையைப் பற்றி உங்களில் பலருக்கு இப்போது நான் விளக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், குறித்த நாளில் குறித்த நேரத்தில் போய்ப் படுத்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஊதிய ஒப்பந்தம் முடிகிற வரையில் ரத்தத்தில் சேரும் நஞ்சு காத்துக்கொண்டிருக்குமா? கடைசியில் பால் வேன் ஒன்றை மறித்து, கேன்களுக்கு நடுவே அவரை உட்கார வைத்து அனுப்பினோம். அந்த வேன்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார். அன்றைய தினம் அந்தப் பாதையில் இயங்கிய பொதுப் போக்குவரத்து அதுதான்.

2021 மே மாதம் முதல் நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்திருக்கிறது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்லுகிறது. ஆனால், அந்தத் தொகையை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். 888 ரூபாயை மிச்சமென்று கருதி அதைப் பிள்ளையின் டியூஷனுக்கோ மகளிர் குழுத் தவணைக்கோ ஒதுக்கிவிட்ட குடும்பத்தில், பஸ் நின்ற அன்றைக்கு ஆட்டோவுக்குக் கொடுக்க எந்தப் பணம் இருக்கும்? இலவசம் வருவதற்கு முன் வேலைநிறுத்தம் வந்தபோது எட்டு ரூபாய்ச் செலவு ஐம்பதாயிற்று. இப்போது வந்தால் ஒன்றுமில்லாத இடத்தில் ஐம்பது முளைக்கிறது. எந்தத் திட்டம் அவளைப் பஸ்ஸோடு இன்னும் இறுகப் பிணைத்ததோ, அந்தத் திட்டத்தை வகுத்தவர்களுக்கு, அந்தப் பஸ் நில்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இரட்டிப்பாகிவிட்டதென்பது ஏன் விளங்கவில்லை?

இனிச் சரித்திரத்துக்கு வருகிறேன். 2018 ஜனவரி 4-ஆம் தேதி, வியாழக்கிழமை. 2016 செப்டம்பரிலேயே அமலுக்கு வந்திருக்க வேண்டிய பஸ் தொழிலாளிகளின் பதின்மூன்றாவது ஊதிய ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு மேலாக இழுத்தடிக்கப்பட்ட பின், சர்க்கார் 2.44 என்ற மடங்கால் சம்பளத்தைப் பெருக்கித் தருவோம் என்றது. சர்க்கார் ஊழியர்களுக்குக் கொடுத்த 2.57 எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று சங்கங்கள் கேட்டன. இரண்டுக்கும் நடுவே இருந்தது, மூன்றாம் வகுப்புப் பையன் கழித்துச் சொல்லிவிடக் கூடிய 0.13. அன்று சாயங்காலம் பேச்சு முறிந்தது. முறிந்த செய்தி பரவப் பரவ, ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த பஸ்களும் டிப்போவுக்குத் திரும்பின. காலையில் பஸ்ஸில் போனவர்கள் ராத்திரி வீடு திரும்பப் பஸ் இல்லாமல் நிலையங்களிலேயே நின்றார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்புங்கள், திரும்பாவிட்டால் வேலை போகும் என்று எச்சரித்தது. போராடியவர்கள் திரும்பவில்லை. 11-ஆம் தேதியன்று, ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக நீதிமன்றம் நியமித்த பிறகுதான் போராட்டம் முடிந்தது. சபையோரே, மத்தியஸ்தரை நியமிப்பதுதான் பரிகாரம் என்றால், அந்த யோசனை 4-ஆம் தேதி மத்தியானமே யார் மண்டையிலும் உதித்திருக்கக் கூடாதா? இடையில் பறிபோன ஒரு வாரக் கூலிக்கு யார் ஜவாப்தாரி?

அந்த ஒரு வாரத்துக்குள் சட்டசபையில் நடந்த கூத்து ஒன்றையும் மறந்துவிடாதீர்கள். 0.13 கொடுக்கக் கஜானாவில் பணமில்லை என்று கைவிரித்த அதே சர்க்கார், அதே ஜனவரியில், சட்டசபை அங்கத்தினர்களின் மாதச் சம்பளத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்த மசோதா கொண்டுவந்தது. அதைப் பெருக்கிய மடங்கு என்ன என்பதை நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போராட்டம் முடிந்த ஒன்பதாம் நாள், ஜனவரி 20-ஆம் தேதி, பஸ் கட்டணம் உயர்ந்தது. சென்னையில் மூன்று ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயாயிற்று. மாணவர்கள் தெருவுக்கு வந்து கிளர்ச்சி செய்த பிறகு ஏதோ ஒரு ரூபாயைக் குறைத்தார்கள். மறு வருஷம் தெலங்கானாவிலும் இதே நாடகம் இன்னும் கோரமாக நடந்தது. 2019 அக்டோபர் 5-ஆம் தேதி தொடங்கி ஐம்பது நாட்களுக்கு மேல் ஏறக்குறைய 48,000 தொழிலாளிகள் நின்றார்கள். இவர்கள் தாங்களாகவே தங்களை டிஸ்மிஸ் செய்துகொண்டவர்கள் என்று முதல்மந்திரி சந்திரசேகர ராவ் பிரகடனம் செய்தார். உயிரை மாய்த்துக்கொண்ட தொழிலாளிகளும் உண்டு. முடிவில் அவர் மனமிரங்கித் தொழிலாளிகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டபோது, கூடவே என்ன அறிவித்தார் தெரியுமா? கிலோமீட்டருக்கு 20 காசு கட்டண உயர்வு. பஸ் நின்றபோது ஆட்டோவுக்குக் கொடுத்த அதே பிரயாணிதான், பஸ் ஓட ஆரம்பித்த பிறகு போக்குவரத்துக் கழகத்துக்கும் கூடுதலாகக் கொடுத்தான். இரண்டு பேர் சண்டை போட்டால் ஒருவர் ஜயிப்பதும் ஒருவர் தோற்பதும் உலக வழக்கு. சண்டையில் சம்பந்தப்படாத மூன்றாம் மனிதன் முடிவில் இருவர் செலவையும் கட்டுகிற அதிசயத்தைப் பஸ் வேலைநிறுத்தத்தில்தான் காணலாம்.

சர்க்கார்மீது எனக்கு இருக்கும் கோபம் இதோடு தீருவதன்று. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வருங்கால வைப்புநிதிக்கென்றும், இன்ஷூரன்ஸுக்கென்றும், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கென்றும் பிடித்த பணத்தை அந்தந்த இடத்தில் கட்டாமல், டீசலுக்கும் உதிரிப் பாகத்துக்கும் செலவழித்துவிட்டார்கள் என்பது பல வருஷங்களாகச் சங்கங்கள் எழுப்பிவரும் குற்றச்சாட்டு. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர் ரிட்டையராகி வீட்டுக்கு வந்த பின் தம்முடைய கிராஜுவிட்டிக்காக ஆபீஸ் படியேறி இறங்குகிறார். 2017 மே மாதத்து வேலைநிறுத்தமும் இந்தப் பாக்கியைப் பற்றியதுதான். 2024 ஜனவரியில் எழுந்த கோரிக்கைகளில் முதன்மையானது ஓய்வுபெற்றோருக்கு வருஷக்கணக்காக நின்றுபோயிருந்த அகவிலைப்படி. பிறர் பணத்தைத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் பெட்டிக்கடைக்காரனுக்கு நாம் என்ன பெயர் சூட்டுவோம்? அவ்வளவு கடன்பட்டிருக்கும் முதலாளி, கடன் கொடுத்தவன் குரலெழுப்பினால் அத்தியாவசியப் பணிகள் சட்டத்தை உருவுகிறார். 2003-இல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பிய சர்க்காரை இந்நாடு பார்த்திருக்கிறது. அதன்மேல் எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் தார்மிகப்படியும் உரிமை இல்லையென்று சொல்லிவிட்டது. அந்த வார்த்தையை நான் ஏற்றுக்கொள்ளுகிறவன் அல்லன். உரிமையைப் பறித்தால் பாக்கி அடைபட்டுவிடுமா? பயிற்சியில்லாத தற்காலிக டிரைவர்களை உட்கார வைத்து ஐம்பது உயிர்களை அவர்கள் கையில் ஒப்படைத்து, பஸ்கள் வழக்கம்போல் ஓடுகின்றன என்று அறிக்கை விடுவதை ஆட்சி என்று எப்படிச் சொல்லுவது?

தோழர்கள் கைதட்டுகிறார்கள். தட்ட வேண்டாம், அடுத்தது உங்கள் முறை.

வேலைநிறுத்தம் என்னும் ஆயுதம் மில்லுக்குப் பொருந்தியது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் பெரம்பூர் மில் தொழிலாளிகளை ஒன்றுதிரட்டியபோது, வேலையை நிறுத்துவது என்பதன் பொருள் மிகத் தெளிவாக இருந்தது. 1921-இல் அங்கே பின்னி கம்பெனியின் மில்லில் தறி நின்றது. தறி நின்றால் துணியில்லை, துணியில்லையேல் முதலாளிக்கு லாபமில்லை. அந்த நஷ்டமே அவரைப் பேசவைக்கும். சென்னைப் பட்டணத்து ஜனங்களோ வேறு கடையில் வேறு துணி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அடி முதலாளிமீது நேராக விழுந்தது. போக்குவரத்துக் கழகத்தின் சங்கதி அப்படியா? 1970-களின் ஆரம்பத்தில் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று ராஜாக்கள் பெயரிலும், பிற்பாடு நம் விழுப்புரத்தில் தந்தை பெரியார் பெயரிலும் எழுந்த இந்தக் கழகங்கள், பஸ் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வரவைவிடச் செலவே அதிகம் என்று சர்க்காரே கணக்குக் காட்டும் ஸ்தாபனங்கள். அத்தகைய முதலாளியின் வண்டியை டிப்போவில் நிறுத்தினால் அவருக்கு டீசல் மிச்சம், டயர் மிச்சம், வேலை செய்யாத நாளுக்குச் சம்பளமும் மிச்சம். நீங்கள் ஓங்கிய கத்தி அவர்மீது படவேயில்லை. நடுவே நின்ற சித்தாள்மீது பட்டது.

சங்கத் தலைவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'பணநஷ்டம் எங்கள் குறியல்ல. ஜனங்கள் படும் கஷ்டத்தைப் பார்த்து சர்க்கார் அஞ்ச வேண்டும், அதுதான் குறி' என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவருடைய நேர்மையை மெச்சுகிறேன். ஆயினும் அந்த வாக்கியத்தைச் சற்றே நிதானித்து யோசியுங்கள்: கஷ்டப்படுவது அவள், அதைப் பார்த்து அஞ்ச வேண்டியது சர்க்கார், பலன் பெறுவது நீங்கள். அவளுடைய சம்மதத்தை எப்போது கேட்டீர்கள்? அந்தக் கஷ்டத்தைப் பார்த்து சர்க்கார் அஞ்சினதாவது உண்டா? பைக் உள்ளவனும் கார் உள்ளவனும் கஷ்டப்பட்டால் ஒருகால் அஞ்சலாம். முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறவளைப் பார்த்து இந்நாட்டில் எந்த மந்திரிசபை அஞ்சியிருக்கிறது?

இன்னொரு சங்கடமான உண்மையும் உண்டு. 2018-இல் போராட்டத்தின் முன்னணியில் நின்றது அன்றைய எதிர்க்கட்சியின் தொழிலாளர் முன்னேற்ற சங்கம். பஸ்ஸை ஓட்டியது அன்றைய ஆளுங்கட்சியின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை. 2024 ஜனவரி 9-ஆம் தேதி, மறுபடியும் பொங்கலுக்குச் சில நாட்களே இருக்கும்போது, அண்ணா பேரவையும் சி.ஐ.டி.யு.வும் மற்றவர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பஸ்ஸை ஓட்டியது முன்னேற்ற சங்கம். கோட்டையில் ஆள் மாறினார், டிப்போ வாசலில் கொடி மாறிற்று. இரண்டு ஆட்சியிலும் பாக்கி பாக்கியாகவே இருந்தது. அந்த 2024-ஆம் வருஷத்துப் போராட்டம் மறுநாளே நீதிமன்றத்தில், பண்டிகைக் காலத்தில் ஜனங்களை வருத்தலாமா என்ற கேள்வியின்மேல், 19-ஆம் தேதி வரை ஒத்திவைக்கப்பட்டதே, அதைக் கண்டு எனக்கு மகிழ்ச்சி உண்டானது உண்மை. ஆனால் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவனின் வருத்தம் நீதிமன்றத்துக்கு எட்டியது போல், பண்டிகை இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனின் வருத்தம் ஏன் எட்டுவதில்லை என்றும் தோன்றிற்று.

ஆகவே வேலைநிறுத்தமே கூடாது என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. வேறு விதமாகப் போராடுங்கள் என்கிறேன்: பஸ்ஸை ஓட்டுங்கள், டிக்கெட் கொடுக்காதீர்கள்.

சிரிக்க வேண்டாம், இது என் கற்பனை அன்று. 2018-ஆம் வருஷம் ஜப்பான் தேசத்தில் ஒகயாமா என்னும் நகரத்தில் பஸ் டிரைவர்கள், வழக்கமான நேரத்துக்கு வழக்கமான பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டே, காசு போடும் பெட்டியைத் துணியால் மூடிவிட்டார்கள். ஏறினவர்களெல்லாம் இலவசமாகப் போனார்கள். அதற்கு முந்தின வருஷம் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து டிரைவர்களும் கட்டணம் வசூலிக்க மறுத்து வண்டியை ஓட்டினார்கள். இதன் சூக்ஷ்மத்தைப் பாருங்கள். டீசல் எரிகிறது, டயர் தேய்கிறது, வரவு மட்டும் நிற்கிறது. வேலை செய்யாதவனுக்குச் சம்பளமில்லை என்ற விதியை உங்கள்மீது ஏவ முடியாது; நீங்கள்தான் வேலை செய்துகொண்டிருக்கிறீர்களே. சித்தாளுக்கும் பெரியவருக்கும் வண்டி உண்டு. 1921-இல் தறி நின்றபோது முதலாளிமீது விழுந்ததே அடி, அது இங்கே இப்படித்தான் விழும்.

இதற்குத் தடைகள் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்கள் ஏற்கெனவே இலவசமாகப் போகிறார்களே, அப்புறம் என்ன வரவு நிற்கப்போகிறது என்று ஒரு தோழர் கேட்டார். டவுன் பஸ்ஸில் நியாயம். மப்ஸல் பஸ்ஸிலும் விரைவுப் பஸ்ஸிலும் ஆண் பெண் இருபாலாரும் டிக்கெட் வாங்கித்தானே போகிறார்கள்? பெரிய வரவு அங்கேதான். இரண்டாவது தடை இன்னும் கடினமானது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆவது பிரிவு, டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்பவருக்கும் அபராதம் விதிக்கிறது. டிக்கெட் கொடுக்க மறுக்கும் கண்டக்டருக்கும் அபராதம் விதிக்கிறது. உச்சவரம்பு 500 ரூபாய். கழகத்தின் ஒழுங்கு விதிகளில் இது பெரிய குற்றம். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் பையைப் பிடுங்கிச் சஸ்பெண்ட் செய்துவிடுவார். பையில் ஒரு ரூபாய் குறைந்தாலே உத்தியோகம் ஆடும் கண்டக்டரைப் பார்த்து, வசூலே செய்யாதே என்று மேடையிலிருந்து சொல்லுவது சுலபம். உண்மைதான். ஆனால் 2018-இல் உயர் நீதிமன்றமே வேலை போகும் என்று எச்சரித்த பிறகும் ஒரு வாரம் உறுதியாக நின்ற நீங்கள், 500 ரூபாய் அபராதத்துக்கா பயப்படப் போகிறீர்கள்? அன்று நீங்கள் தனியாக நின்றீர்கள். உங்களுக்காகச் சாட்சி சொல்ல ஒரு பிரயாணியும் வரவில்லை. வருவதற்கு அவனுக்கு என்ன காரணம் இருந்தது? டிக்கெட் வாங்காத பஸ்ஸில் ஐம்பத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கண்டக்டர்மீது குற்றப்பத்திரிகை கொடுத்தால் அந்த ஐம்பத்தைந்து பேரும் டிப்போ வாசலில் வந்து நிற்க வேண்டும்.

ஒருகால், எல்லாம் கைமீறி, பஸ்ஸை நிறுத்தத்தான் வேண்டும் என்ற நாள் வந்தால் அதற்கும் ஒரு முறை வேண்டும். இத்தாலி தேசத்தில் 1990-ஆம் வருஷத்திய 146-ஆம் எண் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. போக்குவரத்து ஊழியர்கள் அங்கே வேலைநிறுத்தம் செய்யலாம், அடிக்கடி செய்யவும் செய்கிறார்கள். ஆனால் காலையிலும் சாயங்காலத்திலும் ஜனங்கள் வேலைக்குப் போய்வரும் குறித்த மணி நேரங்களில் வண்டி ஓடியே தீர வேண்டும். இன்ன நாளில் இன்ன வண்டி ஓடும், இன்னது ஓடாது என்று ஐந்து நாட்களுக்கு முன்னதாகவே பிரயாணிகளுக்கு அறிவித்தாக வேண்டும். நம் நாட்டில் 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டமும் பொது உபயோக சேவைகளுக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு கேட்டது. யாருக்கு அறிவிப்பு? முதலாளிக்கு. அந்தக் காகிதம் கழகத்தின் தலைமை ஆபீசுக்குப் போகிறது, தொழிலாளர் நலத்துறைக்குப் போகிறது. கூட்டுரோட்டில் நிற்கிறவளுக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. முன்னறிவிப்பின் நகலை ஒவ்வொரு பஸ்ஸின் முன்கண்ணாடியிலும் ஒட்டினால் என்ன செலவாகும்? பசைக்காசு.

நேரமாகிறது; கடைசி டவுன் பஸ் ஒன்பதே காலுக்கு என்று தலைவர் ஜாடை காட்டுகிறார்; அதைத் தவறவிடும் சக்தி நம்மில் பலருக்கு இல்லை. தீர்மானத்தை இப்போது வாசிப்பார்கள். முதல் ஷரத்து, தொழிலாளிகளிடம் பிடித்த பணத்தையும் ஓய்வுபெற்றோர் பாக்கியையும் சர்க்கார் தவணை குறித்து அடைக்க வேண்டும் என்பது. இரண்டாவது, ஊதியப் பேச்சுவார்த்தை முறிந்த அன்றைக்கே மத்தியஸ்தர் நியமனமாக வேண்டும் என்பதும், அந்த மேஜையில் பிரயாணிகளுக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்பதும். மூன்றாவது ஷரத்தைக் கவனமாகக் கேட்டுவிட்டுப் பிறகு கை தூக்குங்கள், ஏனென்றால் அது சர்க்காரையோ சங்கத்தையோ கட்டுப்படுத்துவதன்று, உங்களைக் கட்டுப்படுத்துவது: டிக்கெட் கொடாமல் பஸ் ஓட்டும் போராட்டத்தில் எந்தக் கண்டக்டர்மீதாவது நடவடிக்கை வந்தால், அந்த வண்டியில் அன்று பிரயாணம் செய்தவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்திட்டு விசாரணைக்கு நேரில் வந்து சாட்சி சொல்லுவார்கள். கையெழுத்து நோட்டு மேடைக்குக் கீழே இடப்பக்கத்து மேஜையில் இருக்கிறது. டிப்போத் தோழர்கள் விரும்பினால் அதை இப்போதே வாசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.